மறையாத கை

காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் மேல் மின்சாரம் பாய்ந்தால் அவர் உடம்பு மறைந்துவிடும். தலை, தோள், கால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வலது கை மட்டும் மறையாது. எஃகால் செய்த அந்தக் கை அந்தரத்தில் தனியாக மிதந்து வரும், கதவைத் திறக்கும், துப்பாக்கியைப் பிடுங்கும், எதிரியின் கழுத்தைப் பிடிக்கும். "முழுசா மறையத் தெரியாதவரு என்னா மாயாவி?" என்று எங்கள் தெருப் பையன்களில் ஒருவன் எப்போதும் கேட்பான். எனக்கு அந்தக் கைதான் பிடித்திருந்தது. தலை நரைத்த பிறகும் மாயாவி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது முகமல்ல, அந்தக் கைதான்.

மாயாவி பிறந்தது இங்கிலாந்தில். 1962 அக்டோபரில் 'வேலியண்ட்' வார இதழ் தொடங்கியபோது, அதில் லூயிஸ் கிராண்டேல் என்ற பெயரில் வந்தார். முதலில் கதை எழுதியவர் கென் புல்மர். வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. பத்து வருடம் கழித்து, 1972-ல், சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே மாயாவியின் கதை. 1984 ஜூலையில் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது மகனுக்கு வயது பதினேழு. அதே வருடம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது அந்தக் காலத்தில்தான். பாடப்புத்தகத்தைவிட, "ஆ! அந்தக் கை!" என்று அலறும் வில்லன்கள்தான் எனக்கு வேகமாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். காமிக்ஸ் விற்கும் கடையெல்லாம் ஊரில் கிடையாது. சித்தப்பா தஞ்சாவூரில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதினார். சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வரும்போது, பழைய பஸ் ஸ்டாண்டில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பதில் ஒன்றை வாங்கி வருவார். வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும், பஸ்கள் வரிசையாக நிற்கும், வேர்க்கடலைக்காரர் ஜன்னல் ஜன்னலாக வருவார். கேட்டில் மாட்டிக்கொண்ட அன்று சித்தப்பா முழுக் கதையையும் படித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். கேட் திறந்திருந்த அன்று பாதி மிச்சமிருக்கும். சாப்பிட்டுக்கொண்டே அவர் முடிக்கும் வரை நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

பிறகு புத்தகம் தெருவுக்குப் போகும். எங்கள் வீட்டிலிருந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று வரிசை. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அட்டை இருக்காது, பின் கழன்றிருக்கும், சில சமயம் நடுவில் ஒரு தாளே காணாமல் போயிருக்கும். கடைசி வீட்டுப் பையனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் கடைசி வயலான கடைமடைக்கு எப்படிப் போய்ச் சேருமோ அப்படித்தான் அவனுக்கு மாயாவி போய்ச் சேர்ந்தார். ஒரு நாள் அக்கா இதைப் பார்த்துவிட்டு, "இனிமே ஒரு வாட்டி இந்தப் பக்கமிருந்து, ஒரு வாட்டி அந்தப் பக்கமிருந்து ஆரம்பிங்கடா" என்றாள். அப்படியே செய்தோம். கடைமடைக்கு முதன்முதலாக அட்டையோடு ஒரு புத்தகம் கிடைத்தபோது, அவன் அதைத் திறக்கவே மனமில்லாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த நாயகர்களைப் பற்றி இன்று நான் பெரிதாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. இவர்களில் பலர் கெட்டவர்களாக ஆரம்பித்தவர்கள்.

மாயாவி முதல் கதையில் ஹீரோ கிடையாது. ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தவர், உடம்பை மறைக்கும் சக்தி கிடைத்ததும் கொள்ளையடிக்கக் கிளம்பிவிடுகிறார். அதிலிருந்து மீண்டு வந்த பிறகுதான் நிழற்படை என்ற ரகசிய அமைப்பு, உளவு வேலை, விரலில் துப்பாக்கி எல்லாம். ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல, இவர் வேறு) அப்படித்தான். ஹெலிகாரில் பறந்துகொண்டு, குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக வேண்டும் என்ற வெறியோடு அறிமுகமானவர். பின்னாளில் அதே மூளையைக் குற்றவாளிகளுக்கு எதிராகத் திருப்பினார். அவர் கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். லயன் காமிக்ஸின் முதல் இதழில் வந்த மாடஸ்டி பிளைஸி, அகதிச் சிறுமியாக அலைந்து, கடத்தல் கும்பலுக்குத் தலைவியாகி, அதை விட்டு வெளியே வந்தவள். இத்தாலியக் காமிக்ஸில் 1948-ல் பிறந்த கௌபாய் டெக்ஸ் வில்லர்கூடப் போலீஸ் தேடும் ஆளாகத்தான் முதலில் குதிரையேறினார்.

எட்டு, ஒன்பது வயதில் இந்தக் கதைகளைப் படித்த ஒரு பிள்ளையின் மனசில் இது என்ன செய்திருக்கும்? எங்கள் பள்ளிக்கூடத்துக் கதைகளில் நல்லவன் பிறக்கும்போதே நல்லவன், கெட்டவன் கடைசிப் பக்கம் வரை கெட்டவன். காமிக்ஸில் ஒரே ஆள் இரண்டுமாக இருந்தான். நேற்று பாங்கை உடைத்த அதே கை இன்று பாங்கைக் காத்தது. ஒருவன் என்றைக்கு வேண்டுமானாலும் பக்கம் மாறி வரலாம், வந்தால் அவனுக்கு வேலை இருக்கிறது, மரியாதை இருக்கிறது. இதைவிட நல்ல பாடத்தை வேறு யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. இதை நம்பலாம் என்று எனக்குக் காட்டியது என் தாத்தா.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடியும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகும். பாமணியாற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் ஒரு கிளையில் எங்கள் வயல். அணையில் தண்ணீர் இருக்கும் வருடங்களில் இதையெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. திறப்பு தள்ளிப்போன வருடத்தில்தான் ஒவ்வொரு மடையும் ஒரு எல்லைக்கோடு ஆகும். ஆற்றில் முறை, வாய்க்காலில் முறை, வயலில் முறை. மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் வந்து ஷட்டரை ஏற்றினார் என்று சேதி வந்தால் ராத்திரி என்றும் பாராமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அப்படி ஒரு வருடம். விடிந்தால் எங்கள் முறை. தாத்தா முன்னிரவிலேயே கிளம்பினார், நானும் கூடப் போனேன். கையில் டார்ச், இடுப்பில் சுருட்டிச் செருகிய மாயாவி புத்தகம். களத்து மேட்டில் சாக்கை விரித்துப் படுத்தோம். தாத்தா தூங்கினாரா என்று தெரியாது, நான் தூங்கிவிட்டேன். கிழக்கு வெளுக்கும்போது வாய்க்கால் காய்ந்து கிடந்தது. தாத்தா ஒன்றும் சொல்லாமல் கரையோடு மேலே நடந்தார். நாலைந்து வயல் தாண்டி ஒரு மடையில் நின்றார். மடை வெட்டப்பட்டு, பிறகு அவசரமாக வைக்கோலும் சேறும் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. உள்ளே நாற்றங்காலில் தண்ணீர் தளும்பி நின்றது.

அவர் குந்தி உட்கார்ந்து அடைப்பைக் கையால் மெல்ல விலக்கினார். மண்வெட்டி விழுந்த இடத்தில் களிமண் பளபளவென்று வழவழப்பாக இருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். அந்த வழவழப்பில் மேலிருந்து கீழாக நூல் கனத்துக்கு ஒரு மேடு ஓடியது. மண்வெட்டியின் வாயில் ஓர் இடம் நெளிந்திருந்தால் அந்த இடத்தில் மண் வெட்டுப்படாமல் இப்படி வரியாக நிற்குமாம். வெட்டு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததையும் விரலால் காட்டினார்.

"பீச்சாங்கைக்காரன் வெட்டு. மம்முட்டி வாயி நெளிஞ்சிருக்கு. யாருன்னு தெரியுதா?"

எனக்குத் தெரிந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இருட்டில் யாரும் பார்க்காதபோது வந்து, வேலையை முடித்துவிட்டு, ஆள் மறைந்தாயிற்று. கை மட்டும் அங்கே மண்ணில் இருந்தது. மாயாவியின் கையை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். இடுப்பிலிருந்த புத்தகத்தை எடுத்துத் தாத்தாவிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. அவர் அதற்குள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தவர், முதலில் நீராகாரம் கேட்டார். வீட்டுக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, தூணோரம் நின்றார். சொம்பு வந்தது. குடித்து முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு தாத்தா கேட்டது ஒரே கேள்வி.

"நாத்தங்கா காஞ்சு போச்சாப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவிதான், "வெடிப்பு விட்டுப் போச்சு பெரியப்பா. இன்னும் ஒரு நாளு விட்டா ஒண்ணுமில்ல" என்றார்.

"கேட்டிருந்தா விட்டிருப்பனே." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "சரி. அடுத்த முறையிலேருந்து ராக்காவலு நீ பாரு. நம்ம வாய்க்கா பூரா. ஒரு மடை வெட்டுப்படக்கூடாது."

தெருவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அபராதம் போட வேண்டும், கூட்டம் போட வேண்டும் என்றார்கள். தாத்தா அசையவில்லை. அந்த வருடம் மிச்ச முறை முழுவதும் அந்த வீட்டுக்காரர்தான் காவல். கையில் அரிக்கேன் விளக்கோடு கரையில் நடப்பதை வாசலிலிருந்து பார்ப்போம். ஒரு மடையும் வெட்டுப்படவில்லை. "அவரு நெழப்படையில சேந்துட்டாருடா" என்று நான் சொன்னதை ஒரு பையனும் மறுக்கவில்லை. எங்களுக்குள் அவர் மாயாவி மாமா ஆனார். அந்தப் பெயரில் இம்மியும் கேலி கிடையாது.

அறுவடைக் காலத்தில் இன்னொருவர். களத்தில் நெல் குவித்திருக்கும் ராத்திரிகளில் காவலுக்குப் படுப்பார். எங்கள் வயலில் அறுப்புக்கும் அடிப்புக்கும் வருபவர். படிக்கத் தெரியாது. நான் காமிக்ஸை உரக்கப் படித்தால் தலைக்குக் கை கொடுத்துப் படுத்தபடி கேட்பார். படம் பார்க்க எழுந்து உட்காருவார். புது ஹீரோ ஒருவர் வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி: "இந்த ஆளு யாரு பக்கம் தம்பி?"

பலம் என்ன, ஆயுதம் என்ன என்று நாங்கள் கேட்போம். அவருக்கு அது வேண்டாம். யார் பக்கம் என்று தெரிந்தால்தான் கதைக்குள் வருவார். மாயாவி சர்க்கார் பக்கம் என்று சொன்னேன். "சர்க்காரு யாரு பக்கம்?" என்றார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பெரியவனான பிறகு புரிந்தது. பழைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் விவசாயக் கூலியாட்கள் நெல் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்குப் பட்டது கொஞ்சமல்ல. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் பெண்களும்தான் அதிகம். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சின்னப் பையனிடம் பேச என்ன இருக்கிறது. ஆனால் அந்த வயதில் இருந்த எல்லோரையும் போல அவரும் ஒரு பக்கத்தில் நின்றவர். அடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்காமல் அவரால் ஒரு கதையைக்கூடக் கேட்க முடியவில்லை.

டெக்ஸ் வில்லரை அவருக்கு உடனே பிடித்துப்போனது. ரேஞ்சர், சட்டத்தின் ஆள், வெள்ளைக்காரர். ஆனால் அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களுக்கு அவர் 'இரவுக் கழுகு', அவர்களின் தலைவர். அவர்கள் நிலத்தில் கைவைக்க வரும் வெள்ளைக்கார வியாபாரியை மேசையோடு சேர்த்துக் கவிழ்ப்பார். பட்டாளத்து அதிகாரி தப்பு செய்தாலும் அடிதான். "அவன் ஆளுங்களையே அடிக்கிறானா?" என்று கேட்டு, அந்தப் பக்கத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். எனக்கு டெக்ஸின் குறி தவறாத துப்பாக்கி பிடித்தது. அவருக்கு டெக்ஸ் நின்ற இடம் பிடித்தது. வருடங்கள் போகப் போக அவர் ரசனைதான் என் ரசனையாகவும் ஆகிவிட்டது.

இதனால்தான் தொண்ணூறுகளில் ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவி (ஆங்கிலத்தில் ஃபேண்டம், இவர் வேறு மாயாவி) எனக்கு முழுசாக ஒட்டவில்லை. தப்பாகச் சொல்லவில்லை. லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய அந்த வீரரை உலகமே கொண்டாடுகிறது. மண்டையோட்டு மோதிரத்தால் குத்து வாங்கிய தாடையில் அந்த முத்திரை அழியாமல் நிற்பதை நாங்களும் ரசித்தோம். பேராசைக்கும் கொடுமைக்கும் அநீதிக்கும் எதிராக வாழ்வேன் என்று அவர் வம்சம் எடுக்கும் சத்தியத்தை என் சிநேகிதன் ஒருவன் நோட்டில் எழுதி வைத்திருந்தான். ஆனால் அவர் இருபத்தோராவது மாயாவி. அப்பாவிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு என்று முகமூடி வருகிறது. மிராசு நிலம் கைமாறுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் எங்களுடையது. நல்ல குணமும் பரம்பரைப் பட்டாவில் வரும் என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அவர் வாழும் காட்டில் எத்தனையோ தலைமுறையாக வாழும் கறுப்பின மக்களில் ஒருவர்கூட அந்த வரிசையில் மாயாவி ஆனதில்லை. காப்பாற்றுகிறவர் எப்போதும் ஒரே நிறம். தவறு செய்து, யோசித்து, இந்தப் பக்கம் வந்த இரும்புக்கைக்காரர்தான் எனக்கு மனிதராகத் தெரிந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. புத்தகம் வீட்டில் இருக்கும் சனிக்கிழமை ராத்திரி, பாத்திரம் கழுவி முடித்த பிறகு அவள் முறை வரும். மாடஸ்டி வந்தால் அவள் இரண்டு தடவை படிப்பாள். மாடஸ்டியின் கூட்டாளி வில்லி கார்வின் அவ்வளவு பெரிய வீரன், ஆனாலும் மாடஸ்டி சொல்வதைக் கேட்டு நடக்கிறான். அதில் அவனுக்கு அவமானமே கிடையாது, பெருமைதான். "பாத்தியா, அவன் பாட்டுக்கு கூட நிக்கிறான்" என்பாள். பத்தாவதோடு நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தபோது, அப்பாவுக்கு எதிரில் நின்று அவள் பேசிய விதம் எனக்கு நினைவிருக்கிறது. கத்தவில்லை, அழவில்லை. அவள் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் போனாள். அதற்கு மாடஸ்டிதான் காரணம் என்று சொன்னால் அக்காவின் உழைப்பைக் குறைத்ததாகும். அந்த ராத்திரி அவள் நின்ற நிலை நான் ஏற்கெனவே படத்தில் பார்த்தது, அவ்வளவுதான்.

நடுவில் பல வருடம் இதையெல்லாம் மறந்திருந்தேன். 2012 தொடக்கத்தில் லயன் காமிக்ஸ் 'கம்பேக் ஸ்பெஷல்' வந்தபோது மறுபடி தொடங்கியது. இப்போது பளபளப்பான தாளில், வண்ணத்தில், கெட்டி அட்டையில் வருகிறது. வாங்குகிறவர்களில் நிறையப் பேர் என்னைப் போல நரைத்தவர்கள். அலமாரியில் அடுக்கி, கண்ணாடிக் கதவைப் பூட்டி வைக்கிறார்கள். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. கஜா புயலில் ஓடு பறந்து, பரணிலிருந்த பழைய முத்து காமிக்ஸ் பெட்டி நனைந்து கூழானபோது நானும் அழுதிருக்கிறேன். ஆனால் பூட்டிய அலமாரிக்குள் மாயாவி இருந்து என்ன பிரயோஜனம்? ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் அட்டை கிழிய வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அதனால் போன வருடம் மறுபதிப்புகளில் ஒரு கட்டு வாங்கி எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் கொடுத்தேன். மாயாவி, ஸ்பைடர், டெக்ஸ், லக்கி லூக் எல்லாம் கலந்து. நூலகர் அம்மா முதலில் தயங்கினார், "பசங்க கிழிச்சிடுவாங்க சார்" என்றார். கிழிக்கட்டும் என்றேன். முத்திரை குத்தி, எண் போட்டு, கீழ்த்தட்டில் வைத்தார்.

பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். மாயாவிக்கு முதுகில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். ஸ்பைடரில் ஒரு பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் மீசை. டெக்ஸ் ஒன்றுகூடத் தட்டில் இல்லை, எல்லாம் வெளியே போயிருந்தது. ஆறாவது படிக்கும் ஒரு பெண்பிள்ளை வந்து, "அங்கிள், டெக்ஸ் வேற இருக்கா? இவனுங்க திருப்பியே தர மாட்டேங்குறானுங்க" என்று புகார் சொன்னாள். யாரிடம் எது இருக்கிறது என்று நூலகர் அம்மாவுக்கே தெரியவில்லை, அந்தப் பிள்ளைக்கு வீடு வீடாகத் தெரிந்திருந்தது. மேல்தெருவில் ஆரம்பித்தால் கீழ்த்தெருவுக்கு வருவதே இல்லை என்றாள். ஒரு நோட்டு வாங்கி, முறை போட்டு எழுதும் பொறுப்பை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த கட்டில் மாடஸ்டியும் இருக்கும்.